நாய்க்குட்டியின் எடை

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த அன்று, அது நாய்க்குட்டி என்று தெரியாமலேயே அப்பா அதை மண்டியிலிருந்து முதுகில் சுமந்து வந்தார். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கிழிந்துபோன சாக்குகளை மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், மழைநாளில் வாசலில் போடவோ வடகம் காயவைக்கவோ எதற்காவது ஆகும், அப்படித்தான் அன்றும் அப்பா ஏழெட்டு வெறும் சாக்குகளைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். அதை, அவரோடு மூட்டை தூக்குகிற எதிர்வீட்டுச் செல்லான் மாமாவும் குப்பண்ணன் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பூக்கூடையைத் தூக்குவது போலத் தூக்கி அவர் முதுகில் வைத்தார்கள். வைத்த கணத்தில் அப்பாவின் இரண்டு முழங்கால்களும் மடங்கித் தரையைத் தொட்டன.

"என்னண்ணா, வெறுஞ்சாக்குக்கே இந்தப் பாடா?" என்று செல்லான் மாமா சிரித்தார். ஐப்பசி மழையில் வழுக்கிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார், ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டைகளைச் சுமந்துகொண்டு பீடிக்கு நெருப்புக் கேட்கிற ஆள் அந்த மண்டியிலேயே எங்கள் அப்பா அர்த்தநாரி ஒருவர்தான்.

மூட்டை தூக்குகிறவர் எவரும் தரையில் கிடக்கும் பாரத்தைத் தானே எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொள்வதில்லை. அவர் முதுகை வளைத்துக் கொடுத்து நிற்பார், இரண்டு பேர் ஏற்றிவிடுவார்கள், வெறும் சாக்கானாலும் அப்படித்தான். ஏறிய பாரத்தை நடுவழியில் போடுவதும் கிடையாது. மூட்டைகளை அடுக்குகிற அட்டியில் இறக்கலாம், இல்லையென்றால் சரக்குக்கு உரியவர் கைகாட்டுகிற இடத்தில் இறக்கலாம், வேறெங்கும் கூடாது. ஆகவே அப்பா எழுந்து நின்று, ரயில்வே கேட்டைத் தாண்டி, சாயப்பட்டறை ஓடையைத் தாண்டி, மூன்று இடத்தில் சுவரில் கையூன்றி நின்று, வியர்வை கண்ணில் இறங்க, எங்கள் வளவு வரைக்கும் அந்த வெறும் சாக்குக் கட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். வாசலில் குனிந்தபடியே, கடைகளிலும் குடோன்களிலும் நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு நாக்கில் படிந்துபோன கேள்வியை எங்கள் அம்மாவிடமும் கேட்டார்.

"எங்கீங்க எறக்கறது?"

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள வந்துமா இந்தக் கேள்வி? அப்பிடி அடுப்போரமா வெய்யுங்க," என்றாள் அம்மா.

கட்டைப் பிரித்தபோது உள்ளே, இரண்டு கைப்பிடி அளவில், காது முதல் வால் வரை மஞ்சள் தூள் படிந்த ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பிடரியில் பிடித்து ஒரு கையால் தூக்கிக் காட்டி, "இதுக்கா இத்தன பெருமூச்சு?" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றியபோது, இருபத்தாறு வருஷத்துக் காய்ப்பு ஏறிய அவர் தோள், புதுசாக வேலைக்கு வந்தவன் தோளைப் போலத் தோலுரிந்து சிவந்திருந்தது.

எங்கள் வளவில் எதிரெதிராகப் பதினோரு வீடுகள், நடுவில் ஒரு பொதுக் குழாய். ஒவ்வொரு வீடும் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும்தான், அதற்குள் ஒரு நாய்க்குட்டிக்கு இடம் செய்வது என்பது எங்களில் ஒருவர் கொஞ்சம் சுருங்கிக்கொள்வதுதான். முதல் வாரம் முழுக்க அது இரவில் அழுதது. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா அக்கா சொன்னபடி பழைய அலாரம் கடிகாரத்தைத் துணியில் சுற்றிச் சாக்கில் வைத்தோம், தாயின் நெஞ்சு அடிப்பது என்று நினைத்துக் கொஞ்சம் தூங்கியது, பிறகு கடிகாரத்தின் சாவியைக் கடித்துத் தின்றுவிட்டு மறுபடி அழுதது. நான் வேலைத் தேர்வுக்குப் படிக்கிற செய்தித்தாள்களை விரித்துப்போட்டால் அவற்றை விட்டுவிட்டு, அவற்றுக்கு இரண்டு விரல் தள்ளி மூத்திரம் போனது. என் செருப்பில் இடது காலை மட்டும் தின்றது. பாலில் பாதி தண்ணீர் கலந்து வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தது. குட்டியைத் தூக்குவது, ஊட்டுவது எல்லாம் அம்மா செய்தாள், நான் துடைத்தேன், கழுவினேன், தட்டு வைத்தேன், ஆனால் குட்டியைத் தொடவில்லை, அது என் காலருகே வந்து உட்காரப்போனால் உட்காருமுன் காலை இழுத்துக்கொண்டேன். அப்பாவின் தோளை நான் பார்த்திருந்தேன்.

அந்த வீட்டில் சுருங்கிக்கொள்ளத் தேவையில்லாமல் ஏற்கெனவே ஒரு ஆளின் இடம் காலியாக இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்பா செல்லமாகச் சாமி என்று கூப்பிட்டு வந்த என் அக்கா வளர்மதி பதினான்கு மாதங்களுக்கு முன்னால், காவிரிக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற, வேறு சாதியைச் சேர்ந்த நவநீதனோடு போய்விட்டாள். மூன்றாம் நாள் அப்பா, சொந்தபந்தமான ஒறம்பறைகளும் வளவு ஆட்களும் நின்று பார்க்க, பொதுக் குழாயடியில் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தலைமுழுகி, "இனி எனக்கு ஒரே புள்ளதான், அவ ஊட்டுப் படிய மிதிக்க மாட்டன்" என்று சொன்னார். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருப்பவளுக்குச் செய்தார். அந்தப் பெயரை வீட்டுக்குள் யாரும் சொல்லக்கூடாது என்று அவர் உத்தரவு போடவில்லை, ஆனால் யாரும் சொல்லவில்லை. அக்காவின் துணிப்பையை அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிக்கொண்டு போனது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரியாது.

குட்டிக்கு எங்கள் மூன்று பேரில் அப்பாவைத்தான் பிடித்தது. காலையில் அவர் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு டீக்காக வாசற்படியில் உட்கார்ந்தால், தட்டுத் தடுமாறி வந்து அவருடைய இரண்டு பாதங்களின் மேலும் குறுக்காகப் படுத்துத் தூங்கிப்போகும். தூங்கியதும் அப்பாவால் காலை அசைக்க முடியாது. மரத்துப்போய்விட்டது என்று முதலில் நினைத்தோம். அவர் விரல்நுனிகள் வெளுத்து, நரம்புகள் புடைத்து, படிக்கல்லில் ஆணியடித்ததுபோல உட்கார்ந்திருப்பார், அது தானாக எழுந்து கொட்டாவி விட்டு நகர்ந்த பிறகுதான் எழுவார்.

ஒருநாள் மண்டி மேஸ்திரியே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"அர்த்தநாரி, ரெண்டு லாரி வந்து நிக்குது, நீ என்றா மாப்பிள்ளையாட்ட உக்காந்திருக்கற?"

"கால்ல நாய் படுத்திருக்குதுங்க."

"தூக்கிப் போட்டுட்டு வா."

அப்பா குனிந்து இரண்டு கைகளையும் குட்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்தார். கழுத்து நரம்பு கயிறாக எழுந்தது. குட்டி ஒரு நூல்கூட எழவில்லை, அது பாட்டுக்குக் குறட்டை விட்டது. குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா, "தள்ளுங்க" என்று சொல்லி, இடுப்பில் குடம் இருக்க, மறு கையால் குட்டியை வழித்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மேஸ்திரி பின்னாலேயே உள்ளே போய்க் குட்டியை வாங்கிப் பார்த்தார். கைகள் கொஞ்சம் தாழ்ந்தன. "ஒரு சிப்பம் இருக்கும்," என்றார், இருபத்தைந்து கிலோ சிப்பத்தைச் சொன்னார், பிறகு திண்டாடிப்போய் அதைக் கீழே விட்டுவிட்டு, இறந்துபோன தன் தம்பியைப் பற்றி யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

இப்படித்தான் எங்கள் வளவுக்கு விஷயம் தெரிந்தது. யாரும் அதிசயப்பட்டதாக எனக்கு நினைவில்லை. எடை தூக்கியே சாப்பிடுகிறவர்கள் எங்கள் ஆட்கள், ஒரே மூட்டை காலையில் ஒரு கனமும் மாலையில் ஒரு கனமும் இருப்பதை அன்றாடம் பார்ப்பவர்கள், ஒரு குட்டி தூக்குகிறவருக்குத் தகுந்தபடி கனக்கிறது என்றால் சரி என்று தலையாட்டினார்கள். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று செல்லான் மாமா அதை மண்டித் தட்டில் வைத்து எடை போட்டுப் பார்த்தார். இரண்டு கிலோ நூறு கிராம். தட்டுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். அதிலிருந்து குட்டிக்குத் தராசு என்று பெயராகிவிட்டது.

அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க, பொழுதோட வேலை முடிந்ததும் வளவே எங்கள் வாசலில் கூடியது. முதலில் விளையாட்டாகத்தான் தூக்கினார்கள். குழந்தைகள் பந்தைப் போலத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குப்பண்ணன் மாமாவுக்கு முக்கால் மூட்டை இருந்தது, ஏனென்று அவருக்கே தெரியவில்லை, மூன்று நாள் யோசித்து, சின்ன வயசில் விற்றுவிட்ட ஒரு கன்றுக்குட்டி ஞாபகம் வருகிறது என்றார். கெம்பம்மா அக்கா முறை வந்தபோது எல்லாரும் இரண்டடி தள்ளி நின்றார்கள், ஏனென்றால் அவள் வீட்டுக்காரர் போன வருஷம் இறந்தபோது அவள் வைத்த ஒப்பாரிக்கு ரயில்வே கேட்டில் நின்றவர்கள்கூட அழுதார்கள். அவள் கையில் எச்சில் தடவிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் குட்டி அவள் தலைக்கு மேலே போனது.

"அட, பஞ்சாட்ட இருக்குது!"

"ஏனக்கா," என்றாள் குப்பண்ணன் மாமாவின் மனைவி, "அன்னிக்கு ஊரே எந்திரிச்சு நிக்கறாப்பல அழுதீங்களே, அதெல்லாம் எங்க போச்சு?"

"எனக்குப் பாடத் தெரியும், பாடுனேன். அந்தாளு கையில அடி வாங்குனது நானா நீயா?" என்று சொல்லிவிட்டு, கெம்பம்மா அக்கா குட்டியின் மூக்கில் முத்தம் கொடுத்தாள்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் நாலாம் வீட்டுச் சுகந்தியின் முறை வந்தபோதுதான் சிரிப்பதை நிறுத்தியது. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்த பெண், குழாயடியில் எப்போதும் சிரித்த முகம். அன்றும் சிரித்துக்கொண்டேதான் குனிந்தாள், சிரித்துக்கொண்டேதான் இழுத்தாள், குட்டி அவள் வளையல்களை நக்கியதே தவிர தரையை விட்டு எழவில்லை. "நடிக்காதடி," என்று அவள் மாமியார் அதட்டினாள். சுகந்தி நிமிர்ந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதைக் கழற்றி வைக்க இடம் தெரியாதவள் போல நின்றாள். செய்தி எப்படிப் போனதோ, ஒரு வாரத்தில் அவள் அப்பா அரச்சலூரிலிருந்து வந்து, ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வளவில் ஒரு ஒழுங்கு தானாக ஏற்பட்டது. நாலு பேர் முன்னால் யாரும் தராசைத் தூக்குவதில்லை. தூக்க நினைப்பவர்கள் மத்தியானத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்த் தனியாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். எவ்வளவு இருந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தடுப்பூசி போட அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அதை ஒயர்க் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அந்த இளம் டாக்டரம்மா குட்டியைக் கூடையிலிருந்து தூக்கப் போய், தூக்க முடியாமல், மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தார். பிறகு கூடைக்குள்ளேயே வைத்து ஊசியைப் போட்டுவிட்டு, சீட்டில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் கேட்காமலேயே ஒரு விஷயத்தை எல்லாரும் கவனித்தார்கள். மகளைத் தலைமுழுகிய வீட்டில், அப்பாவால் அந்தக் குட்டியை ஒரு நூல்கூட நகர்த்த முடியவில்லை, அம்மாவோ குழம்பைக் கிளறிக்கொண்டே அதை இடது கையில் வைத்திருந்தாள். பெற்றவள் கையில் பஞ்சு மாதிரி இருக்கிறதே, அது எப்படி? குழாயடியில் பெண்கள் அம்மாவைப் பார்ப்பதும், பிறகு தங்களுக்குள் பார்த்துக்கொள்வதுமாக இருந்தார்கள்.

எனக்குத் தெரியும் அது எப்படி என்று. தினமும் நாலு மணிக்கு, தறி நிற்கும் இடைவேளையில், அக்கா என் போனுக்குக் கூப்பிடுவாள். அம்மா பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்தியிருந்து, முந்தானைக்குள் போனை மறைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசுவாள். என்ன சாப்பிட்டாய், கால் வீங்கியிருக்கிறதா, குழந்தை உதைக்கிறதா. அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம்.

"அம்மா, தராசத் தூக்கறப்ப கொஞ்சம் முக்கித் தூக்கு. அப்பா பாக்கறாரு," என்றேன்.

மறுநாளே அம்மா நடிக்க ஆரம்பித்தாள். "அம்மாடீ, என்ன கனம், என்ன கனம்" என்று பல்லைக் கடித்து, இரண்டு கைகளாலும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். குட்டி அவள் காதை நக்கிக்கொண்டு, காற்றில் கால்களை ஆட்டியது. அப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்து, மெதுவாக, யாரிடமும் இல்லாததுபோலச் சொன்னார்.

"கனந் தூக்கறவன் மூச்ச உள்ள புடிப்பான். பேசிக்கிட்டே தூக்க மாட்டான்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இப்போது கத்துவார், இப்போது போனைப் பிடுங்கி உடைப்பார் என்று என் முதுகு எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு வேலை இல்லாத நாட்களில்கூட, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "டீ குடிச்சுட்டு வாரன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். எங்கள் வளவுக்கு எதிரிலேயே டீக்கடை இருக்க, அவர் ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற கடைக்குப் போவார், அங்கே டீ கழுநீராட்ட இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது வாசலில் நின்று ஒருமுறை தொண்டையைச் செருமுவார். அம்மாவுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மார்கழி அப்படியே போனது. தராசு வளர்ந்தது, பல் விழுந்து பல் முளைத்தது, அப்பாவின் பாதங்களுக்குக் குறுக்கே படுத்தால் இப்போது தலை இந்தப் பக்கமும் வால் அந்தப் பக்கமும் தொங்கியது.

தை மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, அடுப்புக்கு முன்னால் படுத்துக்கொண்டு வழிமறித்த தராசை நகர்த்த அம்மா எப்போதும் போல ஒரு கையை நீட்டினாள். நீட்டிய கை வெறுமனே திரும்பி வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பிடித்தாள். மூன்றாவது முறை அவள் மூச்சை உள்ளே பிடித்தாள். அதை நான் பார்த்தேன், வாசலில் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவும் பார்த்தார். தராசு அசையவில்லை, கண்ணை மட்டும் உருட்டி அவளை மேலே பார்த்தது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"வளர்மதிக்கு என்னமோ ஆயிருச்சு," என்றாள்.

பதினேழு மாதங்கள் கழித்து அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அப்பா துண்டின் முடிச்சை அவிழ்த்தார். நான் அவர் முன்னாலேயே, மறைக்காமல், போனை எடுத்துக் கூப்பிட்டேன். நாலைந்து முறை யாரும் எடுக்கவில்லை. பிறகு நவநீதன் மாமா எடுத்தார், ஆஸ்பத்திரி வராண்டாவின் இரைச்சல் கேட்டது, அவர் யாரோடு பேசுகிறோம் என்றுகூடக் கேட்காமல் சொன்னார்.

"கொழந்த மூச்சு விடலீங்க. பொம்பளப் புள்ளைங்க. எட்டு மாசந்தானுங்க ஆச்சு."

நான் சொல்லவேண்டி இருக்கவில்லை, அந்தச் சின்ன அறையில் எல்லாருக்கும் கேட்டது. அம்மா சத்தம்போட்டு அழுதாள், வளவே கேட்கும்படி, டிரம்முக்குப் பின்னால் பேசிய அத்தனை பத்து நிமிஷங்களுக்கும் சேர்த்து அழுதாள். அப்பா பிறகு துண்டை மறுபடி கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். இரண்டு மூட்டைகளை ஒட்டுக்காக ஏற்றச் சொல்லிச் சுமந்தார் என்றும், பீடிக்கு நெருப்புக் கேட்கவில்லை என்றும் செல்லான் மாமா வந்து சொன்னார். அடுப்பு முன்னாலிருந்து தராசை யாரும் நகர்த்தவில்லை, அது தானாக எழுந்து போனால் சமைத்தோம்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று போன் வந்திருந்தது. காலையில் அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வாசலில் தராசு படுத்திருந்த இடத்துக்கு வந்து, அதற்கு முதுகைக் காட்டியபடி கால்களை அகட்டி, கைகளை முழங்காலில் ஊன்றி, மூட்டைக்குக் காத்திருப்பதுபோல முதுகை வளைத்துக் கொடுத்து நின்றார்.

செல்லான் மாமாவும் குப்பண்ணன் மாமாவும் எதிர்வீடுகளிலிருந்து ஓடி வந்தார்கள்.

"நீங்க வேண்டாம். ஊட்டுக்காரங்க ஏத்தட்டும்," என்றார் அப்பா தரையைப் பார்த்தபடி.

அம்மா ஒரு பக்கம் வந்து குந்தினாள். மறுபக்கம் ஆள் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தராசு வாலை ஆட்டியது, மூன்று மாதமாக நான் காலை இழுத்துக்கொண்டதை அது மனசில் வைத்திருக்கவில்லை. நான் அதன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தேன். சூடாக இருந்தது, உள்ளே இதயம் அந்தப் பழைய கடிகாரத்தைவிட வேகமாக அடித்தது. எனக்கு எவ்வளவு கனம் இருந்தது என்று சொல்ல மாட்டேன், எங்கள் வளவில் அதைக் கேட்பதில்லை. அம்மாவும் நானும் மூச்சை உள்ளே பிடித்தோம். அம்மாவின் வளையல் ஒன்று உடைந்தது, எப்படியோ தராசு எழுந்து அப்பாவின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் முழங்கால்கள் மடங்கின. ஒரு முழங்கால் தரையைத் தொட்டது. அவர் எழுந்தார்.

வளவின் பதினோரு வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள், அவர் தலைமுழுகியபோது நின்ற அதே ஆட்கள். கெம்பம்மா அக்கா மட்டும் ஒரு தூக்குப்போசியோடு வந்து அதை என் கையில் திணித்தாள்.

"பூண்டுக் கொழம்பு. பெத்த ஒடம்பு, பத்தியமா சாப்பிடச் சொல்லு." பிறகு குனிந்து நின்ற அப்பாவின் காதருகே போய், "அன்னிக்கு ஊத்துனது ஒரு கொடம் தண்ணிதானண்ணா. இந்நேரம் காஞ்சிருக்கும், போ," என்றாள்.

நடந்துதான் போனோம். பாரத்தோடு பஸ் ஏறுவது வழக்கமில்லை. அப்பா முன்னால், அம்மா பின்னால், தூக்குப்போசியோடு நான். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் ஒரு நாய்க்குட்டியைச் சுமந்துகொண்டு அர்த்தநாரி இப்படி மூச்சு வாங்குகிறாரே என்று சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். காவிரிப் பாலத்தின் நடுவில் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார். கீழே தண்ணீர் குறைவாக, சாயம் கலந்து, பாறைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. "சித்த எறக்கி வெச்சுட்டுப் போலாமுங்க," என்றாள் அம்மா. அவர் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துத் தராசு அவர் முதுகிலேயே மூத்திரம் போனது, வெளுத்த வேட்டி வரை மஞ்சளாக இறங்கியது. அதையும் அவர் துடைக்கவில்லை, துடைக்கக் கை ஒழியவில்லை.

அந்தக் கரையில் தறிச்சத்தம் எதிர்கொண்டது. ஞாயிறு என்பதால் பாதித் தறிகள்தான் ஓடின. நான் வழி சொன்னேன், இடதுபக்கம் என்றேன், மூன்றாவது சந்து என்றேன், எனக்கு எப்படி வழி தெரியும் என்று அப்பா கேட்கவில்லை.

கதவைத் திறந்த நவநீதன் மாமா எங்களைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார், ஒல்லியான மனிதர், தாடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். முகம் வெளுத்து, கண் உள்ளே போய், ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் பாலில் நனைந்திருந்தது. உத்தரத்திலிருந்து, முன்கூட்டியே கட்டி வைத்த பச்சைச் சேலைத் தூளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை அவிழ்க்கக் கை வரவில்லை போல.

அப்பாவால் நிமிர முடியவில்லை. வாசற்படியைப் பார்த்தபடியே, பெற்ற மகளிடம், கடைக்காரர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டார்.

"எங்கீங்க எறக்கறது?"

அக்கா மூட்டை தூக்குகிறவரின் மகள். பாரத்தோடு வந்தவரை வாசலில் நிற்க வைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"உள்ள வாங்கப்பா. இங்க எறக்குங்க," என்று தூளிக்கு அடியில் கைகாட்டினாள்.

அப்பா படியைத் தாண்டினார். அம்மாவும் நானும் பிடித்து இறக்கினோம், சிமெண்டுத் தரை அதிர்ந்தது. அக்கா மெதுவாகக் குந்தி, தராசைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொருமுறை பார்த்தாள். தராசு அவள் ரவிக்கையை முகர்ந்து, குழம்பிப்போய், ஒருமுறை மெல்ல முனகியது. அக்கா கையை எடுத்துக்கொண்டாள். யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. நவநீதன் மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அதில் யாரும் உட்காரவில்லை. நான் தூக்குப்போசியைக் கீழே வைத்தேன்.

"பாரம் எறக்கியாச்சு," என்றார் அப்பா. "நாங் கெளம்பறன்."

அவர் வாசலைப் பார்த்துத் திரும்புவதற்குள் தராசு எழுந்தது, உடம்பை ஒருமுறை உதறியது, நேராக வந்து அவருடைய இரண்டு பாதங்களின் மேலும் குறுக்காகப் படுத்து, பெருமூச்சு ஒன்று விட்டு, கண்களை மூடிக்கொண்டது. அப்பா காலை இழுத்துப் பார்த்தார். குனிந்து கையைக் கொடுத்துப் பார்த்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், அம்மாவின் கைகளும் இப்போது அதற்குப் போதாது. மகளை மட்டும் பார்க்கவில்லை. அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்த மனிதர், அந்த வீட்டின் நடுவில், காலித் தூளிக்குப் பக்கத்தில், நகர முடியாமல் நின்றார். அவர் விரல்நுனிகள் வெளுத்தன. அடுத்த சந்தில் ஒரு தறி நின்றது, பிறகு இன்னொன்று நின்றது.

அக்கா சுவரில் சாய்ந்தபடி அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுங்களாப்பா? எழுப்பட்டுமா?"

அப்பாவின் கை தானாக உயர்ந்து, பிடிமானத்துக்காகத் தூளியின் சேலையைப் பற்றிக்கொண்டது.

"வேண்டாஞ் சாமி," என்றார். "தூங்கட்டும்."